ஒரே நீளம், இரண்டு வாழ்க்கை

"வேலையை விட்டால் அடுத்து என்ன செய்வீர்கள்?" என்று போன மாதம் ஒரு காலை நிகழ்ச்சியில் நேயர்களைக் கேட்டிருந்தேன். கிராமத்தில் தோட்டம், சொந்தமாக ஒரு சாப்பாட்டுக் கடை, ஒரு வருடம் தூக்கம் என்று பதில்கள் வந்தன. ஒரு இளம் தம்பதியின் குரல் பதிவு மட்டும் என்னை நிறுத்திக் கேட்க வைத்தது. "அக்கா, வீட்டுக்கு முன்பணமாகச் சேர்த்த காசில் பழைய பாய்மரப் படகு ஒன்று வாங்கி, அதிலேயே குடியிருக்கலாம் என்று பார்க்கிறோம். இரண்டு படகு மனதில் இருக்கிறது. ஒன்று கொண்டெஸா 32, இன்னொன்று வெஸ்ட்செயில் 32. இரண்டும் 32 அடிதான். ஓய்வு நாளில் போட்டிக்கும் போகணும், தாய்லாந்து வரைக்கும் போகணும், தினமும் அதிலேயே தூங்கணும். எது நல்லது?"

வார இறுதிகளில் கிள்ளான் துறைமுகப் பக்கம் நண்பர்களின் படகில் கயிறு இழுக்கப் போகும் ஆள் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மூன்று வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அது வீட்டு முன்பணம். அதனால் இந்த வாரப் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறேன். படகு வாங்கும் எண்ணமே இல்லாதவர்களும் படிக்கலாம். எந்தப் பெரிய பொருளை வாங்கும்போதும் இதே குழப்பம்தான் வருகிறது.

இரண்டும் எங்கிருந்து வந்தன?

ஐம்பது ஆண்டுக்கு முந்தைய படகு இன்றும் மிதக்கிறது என்றால் அதற்குக் காரணம் ஃபைபர் கிளாஸ். கண்ணாடி இழைத் துணியை அச்சில் விரித்து, அதன் மேல் பிசின் ஊற்றி, அடுக்கடுக்காக இறுக வைப்பது. மரம் போல அழுகாது, இரும்பு போலத் துருப்பிடிக்காது. 1960, 70-களில் இந்த முறை வந்த பிறகுதான் நடுத்தர வருமானக் குடும்பங்கள் படகு வாங்கத் தொடங்கின. நாம் பேசும் இரண்டும் அந்தக் காலத்துப் பிள்ளைகள்.

கொண்டெஸா 32 இங்கிலாந்துப் படகு. டேவிட் சாட்லர் வரைய, லிமிங்டன் ஊரில் ஜெரமி ரோஜர்ஸின் பட்டறையில் 1970-களின் தொடக்கத்தில் பிறந்தது. 700-க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. ஒடுங்கலான உடல், தாழ்வான காபின், அழகான கோடுகள். துறைமுகத்தில் நிற்கும் பத்துப் படகில் கண் முதலில் போகும் படகு அது.

வெஸ்ட்செயில் 32 கலிபோர்னியாப் படகு. 1971 முதல் 1980 வரை 800-க்கும் மேல் கட்டினார்கள். ஆனால் அதன் உருவம் அமெரிக்காவில் பிறந்ததில்லை. நார்வேயில் புயலில் சிக்கிய மீனவர்களைக் காப்பாற்றப் போகும் படகுகளைக் கொலின் ஆர்ச்சர் என்பவர் வடிவமைத்தார். முன்னும் பின்னும் ஒரே மாதிரி கூராக, குண்டாக, கனமாக இருக்கும். அதை வில்லியம் அட்கின் என்ற அமெரிக்கர் 32 அடிக்குச் சுருக்கி வரைந்தார். அந்த வரைபடத்தை வில்லியம் கிரீலக் ஃபைபர் கிளாஸுக்கு மாற்றியதுதான் வெஸ்ட்செயில்.

அட்கினின் அதே வரைபடத்திலிருந்து இன்னொரு படகும் பிறந்தது. அது பம்பாயில், தேக்கு மரத்தில், இந்தியத் தச்சர்களின் கையால் கட்டப்பட்ட 'சுஹைலி'. ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன் 1968-ல் அதில் கிளம்பி, எங்கும் நிற்காமல், தனி ஆளாக உலகைச் சுற்றி 1969-ல் திரும்பினார். அப்படிச் செய்த முதல் மனிதர் அவர்தான். ஆக, வெஸ்ட்செயிலும் பம்பாய்ப் படகும் ஒரு வகையில் ஒன்றுவிட்ட சகோதரிகள்.

எடையில்தான் கதை இருக்கிறது

இரண்டும் 32 அடி என்கிறோம். தராசில் ஏற்றிப் பாருங்கள். கொண்டெஸாவின் எடை சுமார் 4.3 டன். வெஸ்ட்செயில் ஏறத்தாழ 8.8 டன். ஒரே நீளம், இரண்டு மடங்கு எடை. கொண்டெஸாவின் அகலம் 9 அடி 6 அங்குலம், வெஸ்ட்செயிலுக்கு 11 அடி.

தண்ணீருக்கு அடியில் இன்னும் பெரிய வித்தியாசம். படகு கவிழாமல் இருக்கவும் பக்கவாட்டில் நழுவாமல் இருக்கவும் அடியில் ஒரு கனமான பாகம் உண்டு. அதைக் கீல் என்பார்கள். கொண்டெஸாவின் கீல் மீனின் துடுப்பு போல நடுவில் மட்டும் இறங்கும். அதனால் சட்டென்று திரும்பும், காற்றை எதிர்த்து நன்றாக ஏறும். வெஸ்ட்செயிலின் கீல் படகின் நீளத்துக்கு நீண்டு கிடக்கும். திசை மாறாமல் நேராகப் போகும். ஆனால் நெருக்கடியான படகுத்துறையில் பின்னால் எடுப்பதற்குள் வியர்த்துவிடும்.

மைவிக்கும் ஹைலக்ஸுக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நான்கு சக்கரம் உண்டு. பாங்சாரில் நிறுத்த இடம் தேடும்போது ஒன்றை நினைத்துச் சந்தோஷப்படுவீர்கள். மூட்டை முடிச்சோடு கேமரன் மலை ஏறும்போது இன்னொன்றை நினைத்து.

போட்டிக்குப் போனால்

இதில் பெரிய விவாதம் இல்லை. கொண்டெஸா 32-க்கு இங்கிலாந்தில் தனிப் போட்டிப் பிரிவே இருக்கிறது. ஒரே மாதிரிப் படகுகள் மட்டும் மோதும் பிரிவு. அங்கே படகு ஜெயிப்பதில்லை, ஆள்தான் ஜெயிப்பார். வெஸ்ட்செயிலுக்கோ, அதை விரும்புகிறவர்களே வைத்த செல்லப் பெயர் 'வெட்ஸ்னெய்ல்', அதாவது நனைந்த நத்தை.

ஒரு விசித்திரம் உண்டு. தண்ணீரைத் தொடும் நீளம் கூடக்கூட ஒரு படகின் உச்ச வேகமும் கூடும் என்பது பொதுக் கணக்கு. கொண்டெஸாவின் நீர்மட்ட நீளம் 24 அடி, கணக்குப்படி வேகம் சுமார் ஆறரை நாட். வெஸ்ட்செயிலுக்கு 27 அடி 6 அங்குலம், வேகம் 7 நாட். காகிதத்தில் நத்தைதான் வேகம்! ஆனால் 8.8 டன்னை அந்த வேகத்துக்குத் தள்ள பலமான காற்று வேண்டும். மலாக்கா நீரிணையில் பல நாள் காற்று விசிறி போட்ட மாதிரிதான் வீசும். அந்த இலேசான காற்றில் கொண்டெஸா நகரும். வெஸ்ட்செயில்காரர் இன்ஜினைத் தட்டுவார்.

நம் நாட்டில் போட்டி ஆசை இருப்பவர்களுக்கு நல்ல வாய்ப்பு, 1990 முதல் நடக்கும் ராஜா மூடா சிலாங்கூர் அனைத்துலகப் பாய்மரப் போட்டி. நவம்பரில் கிள்ளான் துறைமுகத்தில் தொடங்கி, பங்கோர், பினாங்கு வழியாக லங்காவி வரை போவார்கள். பழைய படகோடு வந்தாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். இத்தகைய போட்டிகளில் ஹேண்டிகேப் முறை உண்டு. மெதுவான படகுக்கு அதற்கேற்ப நேரச் சலுகை கொடுத்துக் கணக்கிடுவார்கள். கடைசியாக வந்து முதல் பரிசு வாங்கலாம்.

புயல் வந்தால்

வேகமான படகு என்றால் பலவீனமான படகு என்று நினைப்பவர்களுக்கு 1979-ஐச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் இங்கிலாந்தில் ஃபாஸ்ட்நெட் போட்டி நடந்தது. 303 படகுகள் கிளம்பின. நடுவழியில் கடும் புயல். 15 போட்டியாளர்கள் இறந்தார்கள். 24 படகுகள் கைவிடப்பட்டன. மிகச் சிறிய படகுகளுக்கான பிரிவில் ஒரே ஒரு படகுதான் போட்டியை முடித்தது. 'அசென்ட்' என்ற கொண்டெஸா 32. அதன் உரிமையாளர் வில்லி கெர் பிற்பாடு அதே படகில் ஆர்க்டிக் வரைக்கும் அண்டார்க்டிக் வரைக்கும் போய் வந்தார்.

அந்தத் துயரத்தை விசாரித்தவர்கள் ஒரு கேள்வியைத் தோண்டினார்கள். ஒரு படகு எவ்வளவு சாய்ந்த பிறகும் தானாக நிமிரும்? 90 டிகிரி என்றால் பாய்மரம் தண்ணீரில் படுத்துவிட்டது. 180 என்றால் தலைகீழ். கொண்டெஸா சுமார் 155 டிகிரி சாய்ந்தும் நிமிரக்கூடியது. அதே போட்டியில் ஓடிய அந்தக் கால அகலமான பந்தயப் படகு ஒன்றுக்கு அது 120-ஐக்கூட எட்டவில்லை. கவிழ்ந்தால் கவிழ்ந்தபடியே கிடக்கும் ஆபத்து அதற்குத்தான் அதிகம். அகலமும் இலேசான உடலும் தரும் வேகத்துக்குக் கடல் கேட்கும் விலை அது.

வெஸ்ட்செயிலுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1991 அக்டோபரில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் அடித்த புயலை 'த பெர்ஃபெக்ட் ஸ்டார்ம்' படம் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதில் சிக்கிய படகுகளில் 'சடோரி' என்ற வெஸ்ட்செயில் 32 ஒன்று. உள்ளே மூன்று பேர். அவர்களைக் கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டர் தூக்கியது. ஆளில்லாத படகு கடலில் விடப்பட்டது. சில நாள் கழித்து அது மேரிலாந்துக் கடற்கரை ஒன்றில், பெரிய சேதம் இல்லாமல், மணலில் உட்கார்ந்திருந்தது.

இரண்டு கதையையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான். இரண்டு படகும் தாங்கும். ஆனால் உள்ளே இருக்கும் மனிதர்கள் எவ்வளவு நேரம் தாங்குவார்கள் என்பது தனிக் கேள்வி. கனமான படகு அலையில் மெதுவாக அசையும். இலேசான படகு துள்ளும். இரண்டு நாள் சமைக்க முடியாமல், தூங்க முடியாமல் போனவர் எடுக்கும் முடிவுகள் நல்ல முடிவுகளாக இருக்காது.

நம் பக்கம் அப்படிப்பட்ட புயல் அபூர்வம். நம் ஆபத்துகள் வேறு. விடியற்காலையில் திடீரென்று வந்து அடிக்கும் 'சுமத்ரா' காற்று, இரவில் கண்ணுக்குத் தெரியாத மீன்பிடி வலைகள், ஓய்வில்லாமல் போய் வரும் சரக்குக் கப்பல்கள். இவற்றுக்கு நல்ல விளக்கு, நல்ல இன்ஜின், விழித்திருக்கும் ஒரு ஆள் வேண்டும். படகின் பெயர் இங்கே உதவாது.

குடியிருக்கப் போனால்

இங்கேதான் ஆசையும் கணக்கும் முட்டிக்கொள்கின்றன.

இரண்டு பேர். குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர் என்றால் 30 நாளுக்கு 240 லிட்டர், அதாவது 240 கிலோ. அதோடு டீசல், நங்கூரச் சங்கிலி, கருவிப் பெட்டி, மின்கலங்கள், துணி, அரிசி மூட்டை, புத்தகம், அம்மா கொடுத்தனுப்பிய ஊறுகாய் ஜாடி. எல்லாம் சேர்ந்தால் ஒரு டன் ஆவது பெரிய அதிசயமில்லை.

அந்த ஒரு டன், கொண்டெஸாவின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு. படகு தாழ்ந்து உட்காரும், அதன் அழகான ஓட்டம் போய்விடும். போட்டிக்கு முன் வீட்டையே காலி செய்து கரையில் இறக்க வேண்டிவரும். வெஸ்ட்செயிலுக்கு அதே ஒரு டன் ஒன்பதில் ஒரு பங்குதான். அது ஏற்றிக்கொண்டு வழக்கம்போலவே நடக்கும், அதாவது மெதுவாக.

உள்ளே இறங்கினால் வித்தியாசம் இன்னும் தெரியும். வெஸ்ட்செயிலில் ஆறடி ஆள் நிமிர்ந்து நிற்கலாம். அலமாரி உண்டு, சமையல் மேடை உண்டு, சண்டை போட்டால் ஆளுக்கு ஒரு மூலை உண்டு. கொண்டெஸாவில் ஒருவர் எழுந்தால் இன்னொருவர் உட்கார வேண்டும். வார இறுதிக்கு அது நெருக்கம். வருடம் முழுவதற்கும் அது நெருக்கடி.

நம் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டுமே குளிர்ந்த கடலுக்காகப் பிறந்த வடிவங்கள். சிறிய ஜன்னல், மூடிய காபின். லங்காவி மதிய வெயிலில் உள்ளே உட்கார்ந்தால் இட்லிப் பானைதான். மேல்தளம் முழுவதையும் மூடும் துணிப் பந்தல், காற்றை உள்ளே இழுக்கும் துணிக் குழாய், மின்விசிறிகள் இல்லாமல் குடும்பம் நடத்த முடியாது. ஈரப்பதத்தில் துணியில் பூஞ்சை பிடிக்கும். சூடான கடல்நீரில் படகின் அடியில் பாசியும் சிப்பியும் வேகமாக வளரும். அதைச் சுரண்டிப் பூச்சு அடிக்கப் படகைக் கரையேற்றுவதும் குடும்பச் செலவுதான்.

படகுத்துறை வாடகையைப் பெரும்பாலும் படகின் நீளத்துக்குத்தான் கணக்கிடுவார்கள். ஆகவே இந்த இரண்டுக்கும் வாடகை ஏறக்குறைய ஒன்றே. அதே வாடகைக்கு ஒன்றில் பெரிய வீடு கிடைக்கிறது, இன்னொன்றில் நல்ல ஓட்டம் கிடைக்கிறது.

பெயரை வாங்காதீர்கள், நிலையை வாங்குங்கள்

ஃபைபர் கிளாஸ் அழுகாது என்றேன். ஆனால் அதைச் சுற்றியுள்ளவை அழுகும். மேல்தளத்தின் இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே மரம் வைப்பது அந்தக் கால வழக்கம். ஏதாவது ஒரு திருகாணி வழியாகத் தண்ணீர் இறங்கினால் மரம் ஊறிப்போகும். மேலே நடந்து பாருங்கள், மெத்தை போல அமுங்கினால் அதுதான் அறிகுறி. சிறிய சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் கணீர் என்று கேட்கும், கெட்ட இடம் மந்தமாகக் கேட்கும்.

அடிப்பாகத்தில் கொப்புளங்கள் வரலாம். ஃபைபருக்குள் நீர் ஊடுருவியதால் வருவது. சில கொப்புளத்துக்குப் பயப்பட வேண்டாம், அடிப்பாகம் முழுக்க இருந்தால் செலவு பெரிது. பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளும், அவற்றைப் படகோடு பூட்டும் பட்டைகளும் வெளியே பளபளவென்று இருந்து உள்ளே விரிசல் விட்டிருக்கும். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது கேளுங்கள். இன்ஜின், மின்கம்பிகள், பாய்கள் எல்லாவற்றுக்கும் அதே கேள்வி.

வெஸ்ட்செயில் பார்ப்பவர்கள் கூடுதலாக ஒன்று கேட்க வேண்டும். "இதை முடித்தது யார்?" அந்த நிறுவனம் பல படகுகளை வெறும் கூடாக விற்றது. வாங்கியவர் வீட்டுப் பின்கட்டில் வைத்து உள்வேலையை முடித்துக்கொள்வார். சிலர் தச்சர் போலச் செய்தார்கள். சிலர் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காகச் செய்தார்கள். ஒரே பெயர், ஒரே ஆண்டு, இரண்டு படகுக்குள் போனால் இரண்டு உலகம்.

எனவே சொந்தச் செலவில் ஒரு சர்வேயரை வைத்துப் படகைக் கரையேற்றிச் சோதிக்காமல் கையெழுத்து வேண்டாம். விற்பவர் காட்டும் ஆளாகவும் இருக்க வேண்டாம். இவ்வளவு பழைய படகுக்குக் காப்புறுதி நிறுவனங்களும் பொதுவாக அந்த அறிக்கையைக் கேட்கும். வாங்கும் விலைக்கே முழுச் சேமிப்பும் போய்விடும் என்றால், அந்தப் படகு உங்கள் கைக்கு எட்டாத படகு. முதல் வருடப் பழுது வேலைக்கென்று ஒரு நல்ல தொகை தனியாக இருக்க வேண்டும்.

சரி, எது?

'போட்டி, பயணம், குடியிருப்பு' என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறோம். காலண்டரை எடுத்து நாளை எண்ணுங்கள். போட்டிக்கு வருடத்தில் எத்தனை நாள்? பத்து? பயணத்துக்கு எத்தனை நாள்? முப்பது? அப்படியானால் மீதி முந்நூற்றுச் சொச்சம் நாளும் அந்தப் படகு உங்கள் வீடு. சமையலறை, படுக்கையறை, மழை நாளில் கணினியைத் திறந்து வேலை பார்க்கும் மேசை எல்லாம் அதுதான். அந்தக் கணக்கு வந்தால் நான் வெஸ்ட்செயிலைச் சொல்வேன். பத்து நாள் போட்டியில் நண்பரின் படகில் ஏறிக்கொள்ளலாம். கயிறு இழுக்க ஆள் கிடைத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

கரையில் வீடு இருக்கிறது, படகு வார இறுதிக்கும் ஆண்டு விடுமுறைக்கும்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம், கொண்டெஸா. நம் இலேசான காற்றில் பாயை விரித்தே பங்கோர் போகலாம். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டியிருக்கலாம் என்று தோன்ற வைக்கும் படகு அது.

பெருங்கடல் கடக்கும் எண்ணம் இருந்தால் இரண்டும் போகும். ஒன்றில் சாமானைக் குறைத்து, வேகமாக, நனைந்துகொண்டே போவீர்கள். இன்னொன்றில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு சில நாள் தாமதமாகச் சேர்வீர்கள். எது பிடிக்கும் என்பது இருவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டியது. ஒருவரின் கனவுக்கு இன்னொருவர் துணைக்கு மட்டும் வருகிறார் என்றால், மூன்றாம் மாதம் இரண்டு படகும் சிறியதாகிவிடும்.

பணத்தைக் கட்டும் முன் ஒரு வேலை செய்யுங்கள். யாராவது அனுமதித்தால், அல்லது வாடகைக்குக் கிடைத்தால், 30 அடியை ஒட்டிய ஒரு படகில் ஒரு வாரம் தங்கிப் பாருங்கள். வெயில் காலமாக இருக்கக் கூடாது, மழைக் காலமாக இருக்கட்டும். குளிர்சாதனம் வேண்டாம். இருவரும் அதிலிருந்தே வேலை பாருங்கள், சமையுங்கள், துவையுங்கள். ஏழாவது நாள் காலையிலும் சிரித்துக்கொண்டே தேநீர் போட்டால், சர்வேயரைக் கூப்பிடலாம்.